தேசிங்கு ராஜன் கதை யாருக்குச் சொந்தம்?

செஞ்சிக் கோட்டை!

இந்தப் பெயரைக் கேட்டதும் தேசிங்கு ராஜன் நினைவுக்கு வராத தமிழர் உண்டா?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில்கள். உள்ளே கல்யாண மகால், நெல் களஞ்சியம், யானைக்குளம். வெயிலில் ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனால் உச்சிக்குப் போய்விட்டால் இறங்க மனம் வராது.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி இந்தக் கோட்டைக்கு ஒரு பெரிய மரியாதை கிடைத்தது. யுனெஸ்கோ என்ற உலக அமைப்பு, மராட்டியர்களோடு தொடர்புள்ள 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றில் 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் இருக்கின்றன. மீதி ஒன்றுதான் செஞ்சி! 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை அல்லவா இது?

கோட்டையைக் காப்பது மத்திய அரசின் தொல்லியல் துறை. மதிலில் ஒரு கல்லைப் பெயர்த்தாலும் சட்டம் கேட்கும்.

சரி, கல்லுக்குக் காவல் இருக்கிறது. கதைக்கு?

தேசிங்கு ராஜன் கதையை நாளைக்கே ஒரு பெரிய கம்பெனி சினிமாவாக எடுக்கலாம். செல்போன் விளையாட்டாகவும் செய்யலாம். அப்போது அந்தக் கதை யாருக்குச் சொந்தம்? செஞ்சி மக்களுக்கா? கம்பெனிக்கா? எழுதிக் கொடுத்தவருக்கா?

இந்தக் கேள்விக்குள் எத்தனையோ எழுத்தாளர்களின் கண்ணீர் இருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாயும் இருக்கிறது.

அடங்காத குதிரை

முதலில் கதை.

டெல்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை இருந்தது. யாருக்கும் அடங்காத குதிரை. அதை அடக்கப் போன தந்தை தோற்றுச் சிறைப்பட்டார். மகன் தேசிங்கு போனான். குதிரை மீது தாவினான். அடக்கினான். தந்தையை மீட்டான். இது நாட்டுப்பாடல் சொல்லும் கதை.

சரித்திரம் சொல்வது இது. தேசிங்கு என்பது தேஜ் சிங் என்ற பெயரின் தமிழ் வடிவம். தந்தை சொரூப் சிங் இறந்தபின் செஞ்சி அவன் கைக்கு வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டார். தேசிங்கு மறுத்தான். 1714-ம் ஆண்டு அக்டோபர் மாதம் போர் நடந்தது. பெரும் படையை எதிர்த்துச் சிறு படையோடு போன அந்த இளைஞன் களத்திலேயே மாண்டான். அவன் உயிர்த்தோழன் முகமது கானும் அவனுக்காக உயிர் கொடுத்தான். தேசிங்கின் மனைவி தீக்குளித்தாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை உண்டாயிற்று என்று சொல்வார்கள்.

இந்துவும் முஸ்லிமும் உடன்பிறந்தவர் போல வாழ்ந்து, ஒரே போரில் மடிந்த கதை. அதனால்தான் 300 ஆண்டுகள் கடந்தும் அது மறையவில்லை.

யாரிடமும் கேட்கவில்லை

இந்தக் கதைக்கு ஒரே ஆசிரியர் கிடையாது. ஊர் ஊராகப் பாடிப் பாடி வளர்ந்த கதை இது. அச்சு வந்ததும் "பெரிய எழுத்து" புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டார்கள். தெருக்கூத்திலும் தேசிங்கு வந்தான்.

பிறகு சினிமா வந்தது. 1936-ல் ஒரு படம். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த "ராஜா தேசிங்கு". 2013-ல் "தேசிங்கு ராஜா" என்ற பெயரில் ஒரு சிரிப்புப் படம்கூட வந்தது. அதில் கோட்டையும் இல்லை, போரும் இல்லை. பெயர் மட்டும்தான்.

பழைய கதைக்காக இவர்கள் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? யாரிடமும் வேண்டியதில்லை. அது ஊர்க் கிணறு மாதிரி. யார் வேண்டுமானாலும் தண்ணீர் மொண்டுகொள்ளலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிணற்று நீரை மொண்டு பானகம் கரைத்தவருக்கு அந்தப் பானகம் சொந்தம். அதேபோல, பழைய கதையை வைத்து ஒருவர் புதிதாக எழுதிய வசனம், பாட்டு, படம் ஆகியவை அவருக்குச் சொந்தம். அதை மற்றவர்கள் அப்படியே எடுக்க முடியாது. கிணறு மட்டும் எப்போதும் ஊருக்குத்தான்.

சொந்தக்காரர் இல்லாத கதையில் சண்டை இல்லை. சொந்தக்காரர் உள்ள கதையில்தான் சண்டை. அதுவும், கதையைப் பெற்றவர் ஒருவர், பத்திரம் வைத்திருப்பவர் வேறொருவர் என்றால் கேட்கவே வேண்டாம்! அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

பெற்றவர்களே அனுமதி கேட்டார்கள்!

மார்கரெட் வைஸ் என்ற பெண்மணி. டிரேசி ஹிக்மன் என்ற ஆண். இருவரும் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். டிராகன்கள் நிறைந்த ஒரு மாய உலகத்தை உருவாக்கினார்கள். டிராகன் என்றால் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் கற்பனை மிருகம். அந்த உலகத்துக்கு "டிராகன்லான்ஸ்" என்று பெயர். முதல் நாவல் 1984-ல் வந்தது. மாயாஜாலக் கதைப் பிரியர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நாவலுக்குப் பின் நாவலாக லட்சக்கணக்கில் விற்றன.

ஆனால் அந்த உலகம் இவர்களுக்குச் சொந்தம் அல்ல! கம்பெனி வேலையாகச் செய்ததால் அது கம்பெனிக்குச் சொந்தம்.

அந்தக் கம்பெனியை 1997-ல் "விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்" என்ற கம்பெனி வாங்கியது. அதை 1999-ல் "ஹாஸ்ப்ரோ" என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. வீட்டை விற்கும்போது உள்ளே இருக்கும் கட்டில், பீரோவும் சேர்ந்து போவது போல, கதையும் கைமாறிக்கொண்டே போயிற்று.

2019-ல் இரு எழுத்தாளர்களும் அதே உலகத்தில் மேலும் 3 நாவல்கள் எழுத அனுமதி பெற்றார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எழுதத் தொடங்கினார்கள். 2020 ஆகஸ்டு மாதம், இனி எந்தப் பிரதிக்கும் ஒப்புதல் தரமுடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டதாகப் புகார் எழுந்தது. அக்டோபரில் எழுத்தாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். டிசம்பரில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2022 ஆகஸ்டில் முதல் நாவல் வெளிவந்தது.

கதை நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் நினைத்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் பெற்றோரே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது!

இது புதிய சங்கதியும் அல்ல. வானத்தில் பறக்கும் "சூப்பர்மேன்" எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அவனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள். 1938-ல் அவனுடைய முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. இவர்கள் வறுமையில் வாடினார்கள். ஷூஸ்டருக்குப் பார்வையும் மங்கியது. பத்திரிகைகள் கேள்வி கேட்ட பிறகு, 1975-ல்தான் கம்பெனி மனம் இளகியது. ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் உதவித் தொகையும், "படைத்தவர்கள்" என்று பெயர் போடும் மரியாதையும் கிடைத்தன.

37 ஆண்டுகள் கழித்து!

திண்டிவனத்துப் பக்கத்துக்காரர் தந்த தீர்ப்பு

இதே போன்ற ஒரு வழக்கு தமிழ்நாட்டிலும் நடந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் செஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர்தான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் அரசாங்கத்தை நடத்தியவர்.

வழக்கு யாருடைய எழுத்துக்காக? மகாகவி பாரதியாரின் எழுத்துக்காக!

பாரதியார் 1921-ல் இறந்தார். மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் அவர் வைத்துவிட்டுப் போன சொத்து எழுத்து ஒன்றுதான். அந்த எழுத்தின் உரிமை பின்னர் அவருடைய தம்பி விசுவநாதனிடம் போயிற்று. பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை தனியாகப் பிரிந்து ஒரு வியாபாரியிடம் போயிற்று. அவரிடமிருந்து படஅதிபர் ஏவி. மெய்யப்ப செட்டியார் பணம் கொடுத்து வாங்கினார். 1947-ல் வெளிவந்த ஏவி.எம்.மின் "நாம் இருவர்" படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. நாடே கேட்டு மகிழ்ந்தது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் "பில்ஹணன்" என்ற படத்தில் பாரதியாரின் பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். "உரிமை எங்களுடையது" என்று ஏவி.எம். தரப்பு சட்டத்தை நாடியது.

மக்கள் திகைத்தார்கள். நாட்டின் விடுதலையைப் பாடியவரின் பாட்டுக்கே விடுதலை இல்லையா? எழுத்தாளர்கள் கூடினார்கள். பத்திரிகைகள் எழுதின. பாரதியைப் பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்ற குரல் எங்கும் எழுந்தது.

மெய்யப்ப செட்டியார் சட்டப்படி விலை கொடுத்து வாங்கியவர். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் ஒரு காசு கூட வாங்காமல் தம் உரிமையை அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்தார். 1949-ல் ஓமந்தூராரின் அரசாங்கம் மற்ற உரிமைகளையும் வாங்கியது. விசுவநாதனுக்கு ரூ.15 ஆயிரம் கொடுத்தது. செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு ரூ.5 ஆயிரம் கொடுத்தது. பின்னர் பாரதியின் எழுத்து எல்லோருக்கும் பொதுவாயிற்று.

அன்று தொடங்கிய வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் நிற்கிறது. எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை மாநில அரசு நாட்டுடைமை ஆக்கி, அவர்களுடைய குடும்பங்களுக்குப் பரிசுத் தொகை தந்திருக்கிறது. கல்கியின் நூல்களும் அப்படி நாட்டுடைமை ஆனவைதான். "பொன்னியின் செல்வன்" 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகப் படமாக வந்தது நினைவிருக்கும். நாளைக்கு இன்னொருவர் அதே நாவலைப் படம் எடுக்க விரும்பினாலும் எடுக்கலாம்.

கருவுக்குப் பூட்டு இல்லை

பாரதியாருக்காக ஊரே எழுந்தது. பெயர் தெரியாத எழுத்தாளருக்காக யார் எழுவார்கள்? அவருக்குக் கோர்ட்டுதான் கதி.

கோர்ட்டில் முதலில் வரும் கேள்வி இது: "உம்முடைய கதையை எடுத்தார்களா? அல்லது கதையின் கருவை மட்டும் எடுத்தார்களா?"

1978-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நாடக ஆசிரியரின் வழக்கில் இதை விளக்கியது. கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்தக் கருவை ஒருவர் எப்படிச் சொன்னாரோ, அந்தச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை உண்டு. "ஏழைப் பையன் பணக்காரப் பெண்ணைக் காதலித்தான்" என்பது கரு. அதை யாரும் பூட்டி வைக்க முடியாது.

"எந்திரன்" வழக்கு இதற்கு ஓர் உதாரணம். ஆரூர் தமிழ்நாடன் என்ற எழுத்தாளர் 1996-ல் "ஜுகிபா" என்ற கதையை ஒரு பத்திரிகையில் எழுதினார். எந்திர மனிதனைப் பற்றிய கதை. 2010-ல் டைரக்டர் ஷங்கரின் "எந்திரன்" வெளிவந்தது. அது தம்முடைய கதை என்று தமிழ்நாடன் வழக்குப் போட்டார். ஷங்கர் மறுத்தார். 13 ஆண்டுகள் உருண்டன. 2023 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு அந்த நஷ்ட ஈட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதற்கிடையில் ஒரு கிரிமினல் புகாரும் நடந்துவந்தது. அதை வைத்து அமலாக்கத் துறை 2025 பிப்ரவரியில் ஷங்கரின் சுமார் ரூ.10 கோடி சொத்துகளை முடக்கியது. மார்ச்சில் ஐகோர்ட்டு அதற்குத் தடை விதித்தது.

எழுத்தாளருக்கும் நிம்மதி இல்லை. டைரக்டருக்கும் நிம்மதி இல்லை.

இன்னொரு வழக்கு சில நாட்களிலேயே முடிந்தது. 2018-ல் "சர்கார்" படம் தீபாவளிக்கு வர இருந்தது. வருண் ராஜேந்திரன் என்ற எழுத்தாளர், "இது என் 'செங்கோல்' கதை" என்றார். அவரிடம் ஒரு காகிதம் இருந்தது. 2007-லேயே அந்தக் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்திருந்தார்! இரண்டு கதைகளையும் ஒப்பிட்ட சங்கம் அவர் பக்கம் நின்றது. படம் வெளிவருவதற்கு முன்பே ஐகோர்ட்டில் சமரசம் ஆயிற்று. படத்தில் அவருக்கு நன்றி சொல்லிப் பெயர் போட ஒப்புக்கொண்டார்கள்.

தேதி போட்ட ஒரு காகிதம் செய்த வேலை அது!

கம்பெனி பக்கமும் நியாயம் உண்டு

கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஒரு கதையைப் படமாக்கக் கோடிக்கணக்கில் பணம் போடவேண்டும். போட்ட பிறகு பத்துப் பேர் வந்து "கதை என்னுடையது" என்றால், யார் துணிந்து பணம் போடுவார்கள்? ஆகவே எல்லா உரிமையையும் எழுதி வாங்கிவிடப் பார்க்கிறார்கள். அது வியாபார புத்தி.

எழுத்தாளருக்கோ அன்றைய அடுப்பு எரிய வேண்டும். பக்கம் பக்கமாக இங்கிலீஷில் இருக்கும் ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். பிறகு வருந்துகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேசிங்கின் குதிரைக்குச் சிறகு முளைக்கிறது. அது மூன்று மலைகளையும் தாண்டிப் பறக்கிறது. இப்படி ஒரு மாயாஜாலக் கதையை அவர் எழுதுகிறார். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. காகிதத்தை நீட்டுகிறது. அவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது.

எழுதி முடித்த உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஆனால் பதிவு இருந்தால் சாட்சி பலமாக இருக்கும். அவர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் அது சொத்து.

வாய்ப் பேச்சில் உரிமை கைமாறாது. எழுத்தில் இருக்கவேண்டும். கையெழுத்து இருக்கவேண்டும்.

எத்தனை ஆண்டுகளுக்கு என்று காகிதத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, உரிமை எழுத்தாளருக்கே திரும்பும்.

2012-ல் சட்டம் இன்னும் திருத்தப்பட்டது. கையெழுத்துப் போடும் நாளில் இல்லாத ஒரு புதுச் சாதனம் பின்னால் வந்தால், அதற்கான உரிமை தானாகக் கம்பெனிக்குப் போய்விடாது. காகிதத்தில் அந்தச் சாதனத்தைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால்தான் போகும்.

எல்லாவற்றையும் விற்றாலும் ஓர் உரிமை மட்டும் போகாது. "இதை எழுதியவள் நான்" என்று சொல்லும் உரிமை அது. தம் பெயர் கெடும்படி கதையைச் சிதைத்தால் தட்டிக்கேட்கவும் அவரால் முடியும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் அந்தக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அந்த வேலையாகவே கதையை எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை முதலிலிருந்தே கம்பெனிக்குத்தான். டிராகன் கதைக்காரர்கள் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

"என்றென்றைக்கும், உலகம் முழுவதும், எல்லா வடிவத்திலும்" என்று காகிதத்தில் ஒரு வரி இருந்தால் அங்கே பேனாவை நிறுத்த வேண்டும். தெரிந்த வக்கீலிடம் காட்ட வேண்டும். புத்தகத்துக்கு வேறு விலை, சினிமாவுக்கு வேறு விலை, விளையாட்டுக்கு வேறு விலை என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காதவர் உண்டா? வயலுக்குப் பார்க்கும் வில்லங்கத்தைக் கதைக்கும் பார்த்தால் என்ன?

செஞ்சிக்கு எப்போதும் சொந்தம்

அந்த ஆசிரியை கதையை விற்றுவிட்டார். கம்பெனி படம் எடுத்துவிட்டது. சிறகு முளைத்த குதிரை பொம்மையாகவும் கடைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு செஞ்சிப் பிள்ளைகள் தேசிங்கு நாடகம் போடக்கூடாதா?

தாராளமாகப் போடலாம். அந்தப் படத்தின் வசனத்தையும் பாட்டையும்தான் கேட்காமல் எடுக்கக்கூடாது. அடங்காத குதிரையையும், கப்பம் கட்ட மறுத்த வீரத்தையும், தோழனுக்காக உயிர் கொடுத்த நட்பையும் எந்தக் கம்பெனியாலும் பத்திரத்தில் எழுதி வாங்க முடியாது. அவற்றை விற்கும் உரிமை யாருக்குமே கிடையாது.

செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில் குகைக் கோவிலில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குக் கிளம்பிய தேசிங்கு அங்கே விடைபெறப் போனான். "இன்று போகாதே" என்பது போலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேசிங்கு கேட்கவில்லை. இது அந்தப் பக்கத்தில் சொல்லும் கதை. இன்றும் சிறுவர்களைக் கோவிலுக்கு அழைத்துப் போகும் பாட்டிமார் இதைச் சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டிமாருக்குப் பத்திரமும் தேவை இல்லை, லைசென்சும் தேவை இல்லை.

ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்து, நாளைக்குப் பேனா பிடிக்கப் போகிற பேத்திக்கு அவை தேவை. கதை சொல்லக் கற்றுக்கொடுக்கும்போதே, கையெழுத்துப் போடுமுன் படிக்கவும் அவளுக்குக் கற்றுக்கொடுப்போம்.